கையொப்பமும் துப்பாக்கியும்: ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்டிர்

போரைப் பாடிய பழந்தமிழ்ப் புலவர்கள் பெண்ணைக் களத்தின் விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். உள்ளே அழைத்துச் செல்லவில்லை. புறநானூற்றின் 86ஆம் பாட்டில், மகன் எங்குள்ளான் என்று வினவியவர்க்கு விடை கூறும் காவற்பெண்டு, தன் வயிற்றைப் புலி தங்கிச் சென்ற குகையாகக் காண்கிறாள். 279ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் மூதிற்பெண், பிறந்த வீட்டு ஆண்மகனையும் கைப்பிடித்த கணவனையும் அடுத்தடுத்த போர்களில் இழந்தவள். மீண்டும் பறையொலி கேட்டதும் எஞ்சியிருந்த ஒரே மகனுக்குத் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278ஆம் பாட்டில் ஒரு முதியவளின் கைக்கே வாள் வருகிறது. மகன் புறமுதுகிட்டான் என்று பிறர் சொல்லக் கேட்ட அத்தாய், அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவதாகச் சினந்து, வாளோடு களம் புகுந்து பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். இம்மூன்றையும் பாடியவர் பெண்பாற் புலவர்களே. வாளேந்திய அந்த ஒருத்தியும் அதனைப் பகைவன்மேல் ஓங்கவில்லை. தன் உடலின்மேலேயே குறித்தாள். மறக்குடி மகளிரின் பெருமை பேசும் மேடைகளில் இவ்வுண்மை பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

களத்தின் உள்ளே சென்ற பெண்டிரும் இருந்தனர். 1772இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின் விருப்பாச்சியில் தங்கி, ஐதர் அலியின் துணைபெற்று, 1780இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரைத் தமிழகம் நன்கறியும். அவர் படையில் இருந்த குயிலி முதலாய மகளிரைப் பற்றிய செய்திகள் வாய்மொழி வழக்காக இன்றும் வழங்குகின்றன. கணவர் இறந்தபின் தம் நாட்டைக் கும்பினியார் பறித்துக்கொண்டதை எதிர்த்து 1857இன் எழுச்சியில் சேர்ந்து, 1858 ஜூன் திங்களில் குவாலியர் அருகே வீழ்ந்தவர் ஜான்சி அரசி இலட்சுமிபாய். இவ்விருவரையும் களத்திற்குக் கொண்டுவந்தது அரியணையின் உரிமை. அரசன் இறந்துபட்ட நிலையில் அரசி அவனிடத்தில் நின்றாள். குடிப்பெண்ணுக்கு, அதிலும் கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு, அத்தகைய வழி எதுவும் திறந்திருக்கவில்லை.

அவ்வழி 1943ஆம் ஆண்டு, தமிழகத்திற்கு வெளியே, சிங்கப்பூரில் திறந்தது. உள்ளே நுழைந்தவருள் பெரும்பகுதியினர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள்.

உலகப் போரும் பெண்களின் உழைப்பும்

இரண்டாம் உலகப் போர் எல்லா நாடுகளிலும் ஆடவரை விழுங்கியது. அவர்கள் விட்டுச்சென்ற இடங்களை நிரப்ப அரசுகள் பெண்களை நாடின. பிரிட்டன் 1941 டிசம்பரில் 20க்கும் 30க்கும் இடைப்பட்ட அகவையுடைய மணமாகாத பெண்களைக் கட்டாயப் பணிக்கு அழைக்கச் சட்டம் இயற்றிற்று. அந்நாட்டு விமான எதிர்ப்புப் பீரங்கி அணிகளில் பெண்கள் சேர்க்கப்பட்டனர். பகை விமானம் வரும் திசையையும் உயரத்தையும் அவர்கள் கணித்துக் கூறலாம். பீரங்கியைச் சுடும் வேலை ஆடவர்க்கே உரியது. உயிருக்கு நேரும் ஊறு இருபாலார்க்கும் ஒன்றாக இருந்தும், கொல்லும் உரிமை மட்டும் பங்கிடப்படவில்லை. சோவியத் நாடு இவ்வேலியைத் தாண்டியது. ஏறத்தாழ 8 இலட்சம் பெண்கள் அந்நாட்டுப் படைகளில் பணியாற்றினர். இரவு நேரக் குண்டுவீச்சு விமானிகளாகவும், மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுவோராகவும் அவர்கள் பெயர் பெற்றனர்.

இந்தியாவில் ஆங்கில அரசு 1942இல் பெண்கள் துணைப்படை ஒன்றைத் தொடங்கியது. தட்டெழுத்து, தொலைபேசி இணைப்பு, கணக்கெழுதுதல் போன்ற அலுவல்களே அதில் சேர்ந்தோர்க்குப் பெரிதும் ஒதுக்கப்பட்டன. போர் முடிந்ததும் அப்படையும் கலைக்கப்பட்டது. ஒரு பேரரசு தன் ஆட்சிக்குட்பட்ட பெண்களிடம் தட்டச்சுப் பொறியை நீட்டிய அதே காலத்தில், அப்பேரரசை வீழ்த்தப் புறப்பட்டவர் அதே நாட்டுப் பெண்களிடம் துப்பாக்கியை நீட்டினார்.

சுபாஷ் சந்திர போஸுக்கு இவ்வெண்ணம் சிங்கப்பூரில் திடீரெனத் தோன்றியதன்று. 1928இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரசு மாநாட்டிலேயே இலதிகா கோஷ் தலைமையில் பெண் தொண்டர் அணியை அவர் நடைபோடச் செய்திருந்தார். 1943இல் ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் வந்த நெடும்பயணத்தின்போது உடன்வந்த ஆபித் ஹசனிடமும் பெண்கள் படை பற்றிப் பேசியிருக்கிறார். ஜூலை 2ஆம் நாள் சிங்கப்பூர் சேர்ந்தவர், 9ஆம் நாள் பாடாங் திடலில் கூடிய பெருங்கூட்டத்தில் ஜான்சி அரசியின் பெயரால் மகளிர் படை வேண்டும் என்று அறிவித்தார். மூன்று நாள் கழித்து நடந்த மகளிர் கூட்டத்தில் சேலையுடுத்த இருபது பெண்கள் துப்பாக்கி ஏந்தி அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்தனர். அவர்களைத் திரட்டியவர் டாக்டர் இலட்சுமி சுவாமிநாதன்.

சென்னையில் 1914இல் பிறந்த இலட்சுமி, பின்னாளில் அரசியல் நிருணய சபையில் இடம்பெற்ற அம்மு சுவாமிநாதனின் மகள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்றவர். 1940இல் சிங்கப்பூர் சென்று, புலம்பெயர்ந்த தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்து வந்தார். போஸின் அழைப்பை ஏற்று, நோயாளிகளை வேறு மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் படைத்தலைமையை ஏற்றார். 1943 அக்டோபர் 21இல் அறிவிக்கப்பட்ட தற்காலிக அரசில் அவரே ஒரே பெண் அமைச்சர். மறுநாள், அக்டோபர் 22ஆம் நாள், வாட்டர்லூ தெருவில் பெண்கள் பாசறை திறக்கப்பட்டது. ஜப்பானியத் தளபதியர் பெண்களுக்கெனப் பாசறையும் படைக்கலமும் ஒதுக்க முன்வரவில்லை. இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் சிங்கப்பூர்த் தலைவர் எல்லப்பாவின் முயற்சியாலேயே அப்பாசறை எழுந்தது.

படைக்கு வடநாட்டு அரசியின் பெயர் சூட்டப்பட்டதை எவரும் அன்று வினவியதாகத் தெரியவில்லை. இலட்சுமிபாய்க்கு எழுபத்தெட்டு ஆண்டு முன்னரே தம் முன்னோர் நாட்டில் ஓர் அரசி கும்பினிப் படையை வென்று நாட்டை மீட்டாள் என்ற செய்தி, சிவகங்கைச் சீமையிலிருந்தே கப்பலேறிய குடும்பங்களுக்கும் அக்காலத்தில் எட்டியிருக்குமோ என்பது ஐயமே.

தோட்டத்திலிருந்து பாசறைக்கு

மலாயாத் தோட்டங்களின் வாழ்வை அறியாமல் இப்படையை அறிதல் இயலாது. கங்காணிகள் ஊர் ஊராய்ச் சென்று ஆள் சேர்த்த முறையில் தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக அங்கே குடியேறின. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தபோது ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தது. விடியுமுன் எழுந்து, பால்வெட்டும் கத்தியும் வாளியுமாய் மரவரிசைகளுக்குச் செல்லும் பெண்ணுக்கு ஆடவர் கூலியைவிடக் குறைந்த கூலியே கிடைத்தது. லயத்து வீட்டில் அதற்குமேல் சமையலும் பிள்ளை வளர்ப்பும் காத்திருந்தன. கங்காணிக்கும் துரைக்கும் அஞ்சி நடப்பது அவள் கற்ற முதற்பாடம்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. துரைமார் ஓடினர் அல்லது சிறைப்பட்டனர். இரப்பருக்குச் சந்தை இல்லாது போயிற்று, கூலி நின்றது, அரிசி அரிதாயிற்று. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தொடர்வண்டிப் பாதை அமைக்கத் தோட்டத்து ஆடவர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். காய்ச்சலும் கழிச்சலும் பட்டினியும் அவர்களுள் பெருந்தொகையினரைத் தின்றன. இந்நிலையில்தான் டாக்டர் இலட்சுமி தோட்டந்தோறும் ஆள் சேர்க்க வந்தார்.

நாட்டுப்பற்று ஒன்றே இப்பெண்களைப் படைக்கு இழுத்தது என்று எழுதிவிடுதல் எளிது. விழா மலர்களில் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டும் வந்துள்ளது. பாசறையில் இருவேளை உணவு உறுதியாகக் கிடைத்தது. ஆளில்லா லயங்களில் அந்நியப் படைவீரர்க்கு அஞ்சி இரவைக் கழிப்பதினும் பெண்களே காவல் காக்கும் பாசறை பாதுகாப்பானது. கங்காணியின் அதட்டலிலிருந்தும், மனத்திற்கு ஒவ்வாத மணத்திலிருந்தும் விலகும் வாயிலாகவும் அது சிலருக்கு அமைந்திருக்கும். இவற்றைச் சொல்வதால் அவர்தம் ஈகம் சிறுத்துவிடாது. பசித்தவள் நாட்டை நேசிக்க மாட்டாள் என்று கருதுவோர் ஏழைகளை அறியாதவர். கண்ணாற் காணாத ஒரு நாட்டிற்காக உயிர்தர ஒப்பியவர்கள் இவர்கள். அந்த நாட்டில் தமக்குக் காணி நிலமோ சொந்த வீடோ காத்திருக்கவில்லை என்பதையும் அவர்கள் அறிந்தேயிருந்தனர்.

படித்த நடுத்தரக் குடும்பத்துப் பெண்களும் வந்தனர். கோலாலம்பூரில் வளர்ந்த பதினெட்டு வயது ஜானகி, போஸின் உரையைக் கேட்டுக் காதணிகளைக் கழற்றி அளித்துவிட்டு வீடு திரும்பியவர். ஈப்போவில் 1927இல் பிறந்த இராசம்மா நவரத்தினம், யாழ்ப்பாணத் தமிழ் மரபினர். பதினாறு வயதில் தமக்கை பொன்னம்மாவுடன் சேர்ந்தார்.

இவர்கள் யாவரும் கடக்க வேண்டியிருந்த முதல் அரண் ஒரு தாள். படையிற் சேர விரும்பும் பெண்ணின் விண்ணப்பத்தில் தந்தை கையொப்பமிட வேண்டும்; மணமானவளாயின் கணவன் இட வேண்டும். ஜானகியின் இல்லத்தில் எதிர்ப்பு எழுந்தபோது டாக்டர் இலட்சுமியே நேரில் சென்று பேசி இசைவு பெற்றார் என்பர். ஒரு பேரரசின்மேல் போர் தொடுக்கும் அரசு, அதற்கு வரும் வீராங்கனையின் சொல்லை மட்டும் போதுமானதாகக் கொள்ளவில்லை. அக்காலச் சமூகத்தில் வேறு வழியில்லை என்று கூறலாம், அது உண்மையே. துப்பாக்கியைப் பெண்ணிடம் கொடுத்த கை, அவளை அனுப்பும் உரிமையை ஆணிடமே விட்டுவைத்தது என்பதும் உண்மையே. மூதிற்பெண் மகனைப் போருக்கு அனுப்பினாள். இங்கே தந்தை மகளை அனுப்பினான். அனுப்புவோரும் போவோரும் இடம் மாறியிருந்தனரே தவிர, அனுப்புதல் என்பது மாறவில்லை.

பாசறை வாழ்வு

காக்கியுடையும் தொப்பியும் முதல் மாற்றம். கூந்தலைக் குறைத்துக்கொண்டவர் பலர். மங்கலமும் மானமும் கூந்தலில் வைத்து எண்ணப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்க்கு அது சிறு செயலன்று. வைகறையில் கொடிவணக்கம், உடற்பயிற்சி, அணிநடை. பிறகு துப்பாக்கி, துப்பாக்கி முனைக் கத்தி, எறிகுண்டு ஆகியவற்றில் பயிற்சி. மூட்டை சுமந்து நெடுந்தொலைவு நடத்தல். கட்டளைகள் இந்துஸ்தானியில் அமைந்தன. உரோமன் எழுத்தில் அம்மொழி கற்பிக்கப்பட்டது. தமிழ் எழுத்தே அறியாதிருந்த தோட்டத்துப் பெண்கள் பலர் முதன்முதலாகக் கற்ற எழுத்து அதுவாயிற்று. இதனைத் தமிழுக்கு நேர்ந்த குறையாகச் சொல்வதா, எழுத்தறிவின் வரவாகச் சொல்வதா என்பது தனியே ஆராயத்தக்கது.

உண்ணும் இடத்தில் சாதியும் சமயமும் பாராட்டப்படவில்லை. இந்து, இசுலாமிய, கிறித்தவப் பெண்கள் ஒரே பந்தியில் அமர்ந்தனர். தோட்டத்து லயங்களிலேயே வரிசை பிரித்துக் குடியமர்த்தப்பட்டிருந்த மக்களுக்கு இது கண்கூடான புரட்சி. அதே பாசறையில் மற்றொரு வரிசை மறையவில்லை. ஆங்கிலக் கல்வி பெற்றோர் அதிகாரிகளாயினர். தோட்டத்துப் பெண்கள் பெரும்பாலும் சிப்பாய்களாகவே இருந்தனர். கல்வி அளவுகோலாகும் எந்தப் படையிலும் இது இயல்பு எனலாம். பிற்காலத்தில் எவருடைய பெயர் நின்றது, எவருடையது மறைந்தது என்பதற்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டது. செவிலியர் பணிக்கெனச் சாந்த் பீபியின் பெயரால் தனிப் பிரிவும் அமைந்தது.

படையின் தொகை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயிரத்திற்கு மேல் என்று எழுதினோர் பலர். எஞ்சியிருந்தோரை நேரில் கண்டு ஆராய்ந்து 2016இல் நூல் வெளியிட்ட வேரா ஹில்டபிராண்ட், ஏறத்தாழ 450 என்று கணக்கிட்டார். முழுமையான பெயர்ப்பட்டியல் எஞ்சவில்லை.

பர்மாவில்

1944இல் பயிற்சி முடித்த அணிகள் தொகுதி தொகுதியாக ரங்கூனுக்குப் புறப்பட்டன. அவர்கள் சென்ற வழியில் சயாம்-பர்மா தொடர்வண்டிப் பாதையும் இருந்தது. தந்தையரும் தமையன்மாரும் எந்தப் பாதையின் கட்டைகளுக்கடியில் புதைந்தார்களோ, அதன்மேல் காக்கியுடையில் அமர்ந்து சென்ற பெண்களின் மனநிலையை எழுத அன்று தமிழில் எவரும் இலர்.

இம்பால் நோக்கிய படையெடுப்பு 1944 மார்ச்சில் தொடங்கியது. ஜான்சிப் பெண்களின் ஒரு பகுதி வடக்கே மேமியோவுக்கு அனுப்பப்பட்டது. இம்பால் வீழ்ந்ததும் அவர்கள் இந்திய மண்ணில் நுழைய வேண்டும் என்பது திட்டம். தம் நாட்டுப் பெண்கள் ஆயுதமேந்தி வருவதைக் காணும் ஆங்கிலப் படையின் இந்தியச் சிப்பாய் சுடக் கூசுவான் என்று போஸ் எதிர்பார்த்தார். இவ்வெதிர்பார்ப்பில் பெண் போர்வீரராகவும் இருக்கிறாள், ஆணின் மனத்தை அசைக்கும் அடையாளமாகவும் இருக்கிறாள். இரண்டையும் பிரித்தறிய அப்பெண்கள் விரும்பினர் என்றே தோன்றுகிறது. செவிலியர் பணியோடு தம்மை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சியவர்கள், போர்முனைக்கு அனுப்புமாறு இரத்தத்தால் கையொப்பமிட்டு நேதாஜிக்கு விண்ணப்பம் விடுத்தனர் என்று நினைவுக் குறிப்புகள் கூறும். சேரும்போது இட்டது தந்தையின் கையொப்பம், இது அவர்களுடையது.

அவ்விருப்பம் நிறைவேறவில்லை. மழையும் பசியும் நோயும் பகைவரின் விமான வலிமையும் சேர்ந்து ஜூலைக்குள் படையெடுப்பை முறித்தன. எலும்பும் தோலுமாய்த் திரும்பிய ஆடவரை மருத்துவமனைகளில் பேணுவதே ஜான்சிப் பெண்களின் தலையாய பணியாயிற்று. ஜான்சிப் பெண்கள் களத்தில் ஆங்கிலேயரை நேருக்கு நேர் சுட்டுப் பொருதனர் என்றும் பகையணிகளைச் சிதறடித்தனர் என்றும் எழுதுவோர் உளர். சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. அன்பு மிகுதியால் கூட்டிச் சொல்லப்படும் இத்தகைய கதைகள் இப்பெண்களுக்கு நன்மை செய்வனவல்ல. சுட்டால்தான் வீரம் என்ற அளவுகோலை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஏற்றபடி அவர்களைத் திருத்தி எழுதுவதாகவே அது முடிகிறது. சாவு வருமென்று அறிந்து பயிற்சி பெற்றதும், குண்டுவீச்சினிடையே நோயாளரைக் கைவிடாது நின்றதும் உள்ளபடியே நடந்தவை.

உண்மையான கடுமை பின்வாங்கலில் வந்தது. 1945 ஏப்ரலில் ஆங்கிலப் படை ரங்கூனை நெருங்கியது. ஜான்சிப் பெண்களை அனுப்பாமல் தாம் நகரைவிட்டு அகல்வதில்லை என்று போஸ் நின்றார். பர்மாவைச் சேர்ந்த பெண்கள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். மலாயாவிலிருந்து வந்தோர் ஜானகியின் தலைமையில், ஏப்ரல் 24ஆம் நாள் போஸுடனேயே புறப்பட்டனர். ஊர்திகள் பழுதாகியும் சேற்றிற் புதைந்தும் நின்றன. பகலில் விமானங்களுக்கு அஞ்சி மரச்செறிவுகளில் ஒளிந்து, இரவில் நடந்தனர். சிட்டாங் ஆற்றை இருளில் கடந்தனர். துப்பாக்கியும் மூட்டையும் தோளில் இருந்தன. கால் கொப்புளித்த நிலையிலும் போஸ் அவர்களோடு நடந்தே வந்தார். ஏறத்தாழ மூன்று வாரங்களில் பாங்காக் சேர்ந்தனர். பின்வாங்கலில் தொடர்வண்டியிற் சென்ற மற்றோர் அணி வழியில் தாக்கப்பட்டு இருவர் இறந்தனர். ஜோசபின், ஸ்டெல்லா என்பன அவர்தம் பெயர்கள். இம்முகப் பெயர்களுக்கு மேல் அவ்விருவரைப் பற்றிப் பெரும்பாலான நூல்கள் ஏதும் கூறுவதில்லை.

போருக்குப் பின்

1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய வழக்கில் சாகல், தில்லான், ஷா நவாஸ் கான் மூவரும் குற்றவாளிக் கூண்டில் நின்றனர், நாடு கொந்தளித்தது. ஜான்சிப் படையினர் எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. மன்னித்தார்கள் என்று சொல்வதினும், வழக்குத் தொடரும் அளவுக்குப் படைவீரராக மதிக்கவில்லை என்று சொல்வதே பொருந்தும். பர்மாவில் பிடிபட்ட டாக்டர் இலட்சுமி 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு பிரேம் குமார் சாகலை மணந்து கான்பூரில் குடியேறினார். பிரிவினையால் புலம்பெயர்ந்தோருக்கும், 1971இல் வங்கதேச அகதிகளுக்கும், 1984இல் போபாலில் நச்சுக்காற்றால் தாக்குண்டோருக்கும் மருத்துவம் செய்தார். 1998இல் பத்ம விபூஷண் பெற்றார். 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து இடதுசாரிகளின் வேட்பாளராக நின்றார். 2012இல் மறையும்வரை ‘கேப்டன் இலட்சுமி’ என்ற பெயர் அவரைவிட்டு நீங்கவில்லை.

ஜானகி ஆதி நாகப்பன், 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசு தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவரானார். மலேசிய மேலவையில் அமர்ந்தார். 2000இல் பத்மஸ்ரீ பெற்று 2014இல் மறைந்தார். இராசம்மா பூபாலன் ஆசிரியரானார். ஆடவர்க்கு இணையான ஊதியம் பெண் ஆசிரியர்க்கும் வேண்டும் என்று 1960இல் பெண் ஆசிரியர் சங்கம் கண்டு போராடினார். பாசறையில் கற்ற ஒழுங்கு பள்ளியறைக்கும் சங்க மேடைக்கும் இடம்பெயர்ந்ததற்கு அவர் வாழ்வு சான்று.

தோட்டத்துச் சிப்பாய்ப் பெண்கள் எங்குச் சென்றனர்? பெரும்பாலோர் தோட்டங்களுக்கே திரும்பினர். துரைமாரும் திரும்பி வந்திருந்தனர். காக்கியுடை கழன்றது; பால்வெட்டும் கத்தி மீண்டும் கைக்கு வந்தது. படையில் இருந்ததை வெளியே சொல்வது வேலைக்கும் திருமணத்திற்கும் ஊறாகலாம் என்று வாய் மூடியவர்களும் இருந்திருப்பர். அதிகாரிகளாக இருந்தோர் நினைவுக் குறிப்பு எழுதினர், நேர்காணல் தந்தனர், விருது பெற்றனர். படையின் பெரும்பகுதியாக நின்றவர்கள், பிறர் எழுதிய குறிப்புகளில் ‘தோட்டத்துப் பெண்கள்’ என்ற ஒற்றைத் தொடராகச் சுருங்கினர்.

விடுதலை பெற்ற இந்தியாவும் அவர்கள் திறந்த கதவை மூடியே வைத்தது. இந்திய தேசிய இராணுவத்தினர் புதிய அரசின் படையில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. 1950இன் தரைப்படைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மைய அரசு தனியே அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர்த்துப் பெண்கள் படையிற் சேரத் தகுதியற்றோர் என்று எழுதிற்று. மருத்துவமும் செவிலியர் பணியும் மட்டும் விலக்காயின. 1992இல் வெளியான அறிவிப்புக்குப் பின்னரே பிற பிரிவுகளில் பெண்கள் குறுகிய காலப் பணி அதிகாரிகளாக ஏற்கப்பட்டனர். அவர்தம் முதல் அணி, பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்று 1993 மார்ச்சில் வெளியேறியது. டாக்டர் இலட்சுமி மருத்துவம் பயின்ற அதே சென்னையில் இது நிகழ்ந்தது. நிரந்தரப் பணிக்கும் தலைமைப் பொறுப்புக்கும் அவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. சிற்றூர்ப் பின்னணியிலிருந்து வரும் ஆடவச் சிப்பாய்கள் பெண்ணின் கட்டளையை ஏற்க மனத்தளவில் பக்குவப்படவில்லை என்பது அரசு தரப்பு முன்வைத்த வாதங்களுள் ஒன்று. 2020 பிப்ரவரி 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று.

அதிகாரிகளின் கதை இவ்வாறாக, சாதாரணச் சிப்பாயாகப் பெண் சேர்வதற்குத் தரைப்படையின் கதவு 2019இல்தான் திறந்தது. அதுவும் இராணுவக் காவல் பிரிவில். பெங்களூரில் பயிற்சி முடித்த 83 பெண்கள் 2021 மே 8ஆம் நாள் வெளியேறியபோது, தரைப்படையின் முதல் பெண் சிப்பாய்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. அப்படையின் வரலாற்றைப் பொறுத்தவரை அது சரியே. வாட்டர்லூ தெருப் பாசறையில் தோட்டத்துப் பெண்கள் சிப்பாய்களாக நின்று அப்போது எழுபத்தேழு ஆண்டுகளும் ஆறு திங்களும் கடந்திருந்தன.

சிங்கப்பூர்க் கடற்கரையில் இந்திய தேசிய இராணுவத்தின் பெயரறியாப் போர்வீரருக்கு 1945 ஜூலை 8ஆம் நாள் போஸ் அடிக்கல் நாட்டினார். அங்கே நினைவுச் சின்னம் எழுந்தது. செப்டம்பரில் திரும்பிவந்த ஆங்கிலப் படை அதனை இடித்துத் தள்ளியது. ஐம்பதாண்டுக்குப் பின், 1995இல், சிங்கப்பூர் அரசின் மரபுடைமைக் கழகம் அதே இடத்தில் அடையாளக் கல்வெட்டு ஒன்றை நிறுவியது. எஸ்பிளனேட் பூங்காவில் இன்றும் அதனைக் காணலாம். பழந்தமிழர் களத்தில் பட்டவனுக்கு நட்ட கல்லில் அவன் பெயரைப் பொறித்தனர். இக்கல் பெயரறியார்க்கு நட்டது.